உப்புக்காற்றில் பறக்கவிடும் பிள்ளைகளுக்கு

கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும், அங்கால அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரைக்கும், வீட்டு மேசையில் வைத்து நாலு மோட்டர், ஆறு மோட்டர் ட்ரோன் பூட்டிப் பறக்கவிடும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,



போன மாதம் ஒருநாள் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைப் பள்ளிப் பக்கமாக நடந்து வந்தேன். தோணிகள் இழுத்து வைத்திருக்கும் இடத்தில் உங்களில் நாலைந்து பேர் பழைய சாரன் ஒன்றை மணலில் விரித்து, அதன்மேல் ஒரு ட்ரோனை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கடையில் வாங்கியதல்ல, நீங்களே பூட்டியது. கைகள் நாலும் கறுப்பு, நடுத்தட்டில் சேர்க்கிட் எல்லாம் வெறுமையாகத் தெரிந்தது. அதற்கு மேல் ஒரு சாப்பாட்டுப் பெட்டி மூடியைக் கவிழ்த்து ரப்பர் பட்டியால் கட்டியிருந்தீர்கள். நல்லாகத்தான் பறந்தது. இறங்கும்போது காற்று தள்ளியதில் அலை வந்து போகும் ஈரமணலில் போய்க் குந்தியது. ஒரு தம்பி ஓடிப்போய் அள்ளி எடுத்துத் தன் சேட்டால் துடைத்தார். “காஞ்சாச் சரியாகிரும்” என்றார் மற்றவர்.

காய்ந்தால் சரியாகாது, மகன். அதைச் சொல்லத்தான் அன்றைக்கு நின்றேன். சொல்ல வேண்டியது கடற்கரையில் நின்று சொல்லி முடிகிற அளவில் இருக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் இருபது வருஷம் ஃபைபர் போட் அச்சு வேலை செய்தவன். இப்போது சின்னதாகப் பெயர்ப்பலகைக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். ட்ரோன் எனக்குப் பிந்தி வந்த ஆசை. என் மருமகள் ஒன்றைப் பூட்டத் தொடங்கி, அதற்கு மூடி செய்து தரச் சொல்லிக் கேட்டதிலிருந்து வந்தது. மோட்டரையும் மென்பொருளையும் பற்றி உங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. ஆனால் மூடி என்பது அச்சு வேலை. அது எனக்குத் தெரியும். நம் ஊர்களுக்கும் தெரியும்.

2013 ஜனவரியில் ஃபான்டம் என்ற வெள்ளை ட்ரோன் சந்தைக்கு வந்த பிறகு, உலகம் முழுக்கப் பூட்டுவதை விட்டுவிட்டு வாங்கத் தொடங்கியது. அந்த வெள்ளை ஓட்டைப் பார்த்துப் பழகியதால் மூடியை எல்லோரும் அழகுக்குப் போடுவதாக நினைக்கிறார்கள். நுவரெலியாவில் பறக்கவிடுகிறவருக்கு அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். நம் கரையில் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது எழும் கண்ணுக்குத் தெரியாத உப்புத்துளி, கடற்கரை வீதி தாண்டி வீட்டு யன்னல் கம்பி வரைக்கும் வருவதை நீங்கள் பிறந்த நாளிலிருந்து பார்க்கிறீர்கள். வாங்கி இரண்டு வருஷத்தில் துருப்பிடிக்கும் கேற்றைத் தெரியும் உங்களுக்கு. ட்ரோனின் சேர்க்கிட்டில் செப்புக் கால்கள் அரை மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்கின்றன. அந்த இடைவெளியில் உப்பு படிந்து இரவில் ஈரம் உறிஞ்சினால், காலையில் பெட்டரியைப் பூட்டும்போது போகக் கூடாத இடத்தில் மின்சாரம் போகும். மோட்டரை இயக்கும் ஈஎஸ்சி எரிவதற்கு அது போதும். தண்ணீர்தான் காயும். உப்பு அங்கேயே கிடக்கும். கடல்நீர் பட்ட சேர்க்கிட்டை முதலில் நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கிவிட்டுத்தான் காயவைக்க வேண்டும். பெட்டரியைக் கழற்றிய பிறகுதான் இதெல்லாம்.

இன்னொரு காரணம், உயரம் பார்க்கும் உணரி. அது காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணிக்கிறது. கடல்மட்டத்தில் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் சுமார் 8 மீற்றர் ஏறிவிட்டதாக அது எடுத்துக்கொள்ளும். மூடி இல்லாத தட்டில் விசிறிக் காற்றும் கடற்காற்றும் அந்த உணரியின் மேலேயே அடித்தால், ட்ரோன் நின்ற இடத்தில் நிற்காமல் ஏறி இறங்கித் தத்தளிக்கும். அந்த உணரிகளில் சில வகை நேர் வெயில் பட்டாலே தடுமாறும். உங்கள் ட்ரோன் அன்றைக்குத் தத்தளித்தது. கட்டுப்பாட்டுப் பலகையில் பிழை என்று நினைத்து நீங்கள் எண்களை மாற்றிக்கொண்டிருந்தீர்கள். உணரியின் மேல் ஒரு சின்னத் துண்டு பஞ்சு வைத்து, அதற்கு மேல் ஒழுங்கான மூடி போட்டுப் பார்த்துவிட்டு எண்ணில் கை வையுங்கள்.

இனி வேலைக்கு வருவோம்.

முதல் மூடிக்கு ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். கலியாண வீடு முடிந்த மறுநாள் குப்பையில் கிடக்கும் ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் போதும். அந்தப் போத்தல் எப்படி உருவானது என்று தெரிந்தால் மீதி விளங்கிவிடும். தொழிற்சாலைக்கு அது வரும்போது கைவிரல் பருமனான தடித்த குழாய். அதைச் சூடாக்கி, நீளவாக்கில் இழுத்து, உள்ளே காற்றை ஊதிப் போத்தலாக்குகிறார்கள். இழுபட்ட நிலையிலேயே குளிர்ந்து இறுகியதால், பழைய குட்டை உருவத்துக்குத் திரும்பும் விசை அந்தச் சுவருக்குள் அடங்கிக் கிடக்கிறது. 80 பாகை தாண்டச் சூடு காட்டினால் அது சுருங்கத் தொடங்கும். உள்ளே நீங்கள் ஓர் அச்சை வைத்திருந்தால் அதன் மேல் தோல் போல ஒட்டிக்கொள்ளும். வெக்யூம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஹீட் கன் ஒன்று போதும். ஹெயார் ட்ரையர் இதற்குக் காணாது.

போத்தலின் அடியை வெட்டி அச்சை உள்ளே தள்ளுங்கள். அச்சு போத்தலுக்குள் சற்று இறுக்கமாக நிற்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ஒரு பக்கம் முந்திச் சுருங்கிக் கோணிவிடும். இடைவெளிக்கு மரச்சக்கை செருகுங்கள். ஹீட் கன்னை ஓர் இடத்தில் நிறுத்தாமல், ரொட்டியைத் திருப்புவது போல அச்சைச் சுற்றிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டு போங்கள். பிளாஸ்டிக் வெள்ளையாகப் பூத்தால் சூடு கூடிவிட்டது. பூத்த இடம் பிறகு அப்பளம் போல உடையும். அதை எறிந்துவிட்டு அடுத்த போத்தலை எடுங்கள். என் மருமகளுக்கு ஐந்தாவது போத்தலில்தான் சரி வந்தது. அந்த மூடி, கை அகலமானது, 6 கிராம் நின்றது.

அச்சைப் பற்றி நின்று பேச வேண்டும், ஏனென்றால் நல்ல மூடியும் கெட்ட மூடியும் பிரிவது அங்கேதான்.

போட் யார்டில் முதலில் மரத்திலும், மேடுபள்ளம் நிரவும் பட்டியிலும் ஒரு முழுப் போட்டின் உருவத்தைச் செய்வார்கள். அதற்குப் பெயர் பிளக். அதன்மேல் ஃபைபர் போட்டு எடுப்பது அச்சு. அந்த அச்சுக்குள் வெக்ஸ் பூசி, ஜெல் கோட் அடித்து, கண்ணாடியிழை மேட் விரித்து, ரெசின் ஊற்றி உருட்டினால் போட். பிளக் செய்கிறவர் கையால் தடவித் தடவிப் பார்ப்பதை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். நான் வேலை பழகிய மேசன் காக்கா கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஓடவிடுவார். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கைக்குத் தெரியும். பிளக்கில் இருக்கும் ஒரு கீறல், அதிலிருந்து எடுக்கும் நூறு போட்டிலும் இருக்கும். உங்கள் மூடியும் அப்படித்தான். சூடான பிளாஸ்டிக் அச்சில் உள்ள மரநாரைக்கூட எழுதி வைத்துக்கொள்ளும். தெளிவான மூடி வேண்டுமென்றால் 80 ஆம் நம்பர் சேண்ட் பேப்பரில் தொடங்கி 400 வரை போங்கள். இடையில் வாகனத்துக்குப் போடும் பட்டியைப் பூசி நிரவுங்கள்.

போட் அச்சிலிருந்து எப்படிக் கழல்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அச்சுக்கும் போட்டுக்கும் இடையில் ஓரத்தில் தண்ணீரை ஊற்றி, மரச்சக்கை வைத்து மெதுவாகத் தட்டுவார்கள். ஒரு சத்தம் வரும். பிறகு முழுப் போட்டும் மேலே கிளம்பிவிடும். பக்கச்சுவர் மேல்நோக்கி விரிந்து போவதால்தான் அது கிளம்புகிறது. நேர்குத்தாக நின்றால் கிளம்பாது. உள்நோக்கி மடிந்தால் அச்சை உடைக்க வேண்டியதுதான். அதே சட்டம் உங்கள் கை அளவு மூடிக்கும் பொருந்தும். அச்சின் பக்கங்கள் அடியில் அகன்று மேலே ஒடுங்கட்டும், குறைந்தது 3 பாகை, 5 என்றால் நிம்மதி. அன்டெனாவுக்கு ஒரு மேடு வைக்க ஆசைப்பட்டால், அதற்கும் சரிவு வேண்டும்.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். போட் அச்சுக்குள்ளே உருவாகிறது, அதனால் வெளிப்புறம் அச்சைத் தொட்டு மினுங்குகிறது. நீங்கள் செய்வது அச்சுக்கு மேலே. உட்புறம்தான் அச்சைத் தொடும், வெளிப்புறம் எதையும் தொடாது. அதனால் அச்சின் அளவைப் போட்டுக்கொள்ளும்போது உள்ளளவைக் கணக்கிடுங்கள். உங்கள் சேர்க்கிட்டின் உயரத்துக்கு மேல் 5 மில்லிமீற்றராவது விடுங்கள்.

எதில் செய்வது? பலா, வேம்பு, எது கிடைத்தாலும் காய்ந்த மரம் நல்லது. மருதமுனையில் தறி வேலை செய்யும் வீடுகளில் உடைந்த தறிக்கட்டைகள் கிடக்கும், அவை வருஷக்கணக்காகக் காய்ந்தவை. பிளாஸ்டர் ஒஃப் பாரிஸும் சரி. அதில் நுண்துளைகள் இருப்பதால் காற்று தானாகப் போகும். ஆனால் உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் நீராவி எழும்பி மேலே குமிழ் விழும். கிழமைக்கணக்கில் வெயிலில் காயவிடுங்கள். 3டி பிரின்டரில் எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். பிஎல்ஏ 60 பாகையிலேயே இளகும். இரண்டாவது மூடி எடுப்பதற்குள் அச்சு சப்பையாகிவிடும்.

போத்தல் முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஒன்பது சென்றிமீற்றர் அகலத்துக்கு மேல் போகாது, சுவரும் மெல்லிசு. பெரிய சட்டம் என்றால் வெக்யூம்தான். இதையும் வீட்டில் செய்யலாம்.

பிளைவுட்டில் ஒரு தட்டையான பெட்டி அடியுங்கள். மேல்பலகையில் இரண்டு சென்றிமீற்றருக்கு ஒன்றாகச் சின்ன ஓட்டைகள் போடுங்கள். பக்கத்தில் வெக்யூம் க்ளீனர் குழாய் நுழையும் ஓட்டை. பலகையின் ஓரத்தைச் சுற்றிக் கதவுக்கு ஒட்டும் ஸ்பொன்ச் டேப். அச்சை நடுவில், ஒரு சென்றிமீற்றர் உயரமான கட்டையின் மேல் வையுங்கள். அந்த உயரம் இல்லையென்றால் வெட்டும் கோடு வளைந்த இடத்தில் வந்து விழும். அச்சிலும், காற்று அடைபடும் பள்ளங்களில் 1 மில்லிமீற்றர் துளை போடுங்கள். பிளாஸ்டிக் தாளை இரண்டு மரச்சட்டத்துக்கு இடையில் கடதாசிக் கிளிப்பால் இறுக்கிச் சூடுகாட்டுங்கள். முதலில் தாள் நெளியும், பிறகு இறுகும், பிறகு நடுவில் தொய்ந்து பை போலத் தொங்கும். இரண்டு மூன்று சென்றிமீற்றர் தொய்ந்ததும் வெக்யூமைப் போட்டுவிட்டு அச்சின் மேல் கவிழ்த்து அழுத்துங்கள். யோசிக்க நேரமில்லை, நாலைந்து செக்கனுக்குள் முடிய வேண்டும். அதனால் இருவர் இருந்து செய்யுங்கள். முப்பது செக்கன் இழுக்கவிட்டு நிறுத்துங்கள்.

வீட்டு வெக்யூம் க்ளீனர் எப்படி இதைச் செய்கிறது என்று சந்தேகப்படுவீர்கள். இழுப்பது குழாயாக இருந்தாலும் அழுத்துவது வெளியே இருக்கும் வானம். காற்று ஒவ்வொரு சதுர சென்றிமீற்றரிலும் ஒரு கிலோ வீதம் அழுத்திக்கொண்டிருக்கிறது. வெக்யூம் க்ளீனரால் உள்ளிருந்து ஐந்தில் ஒரு பங்கு காற்றைத்தான் எடுக்க முடியும் என்று வையுங்கள். 10 க்கு 10 சென்றிமீற்றர் தாளின் மேல் அதுவே 20 கிலோ. ஒரு சிறுபிள்ளை ஏறி நிற்கும் பாரம், சூடான தாளின் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில். பழக்கத்தில் நாம் காற்றை எடை இல்லாததாக நினைக்கிறோம்.

இந்த வேலை உலகத்துக்குப் புதிதல்ல. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலைக்கு வந்தபோது, சீனக்குடாவிலிருந்து எழும்பிய ஹரிக்கேன் விமானங்களில் ஓட்டுநரின் தலைக்கு மேல் இருந்தது பெர்ஸ்பெக்ஸ். இன்றைக்கு என் கடையில் பெயர்ப்பலகைக்கு வெட்டும் அதே அக்ரிலிக். பிறகு வந்த விமானங்களின் ஒரே குமிழான மூடிகள், அக்ரிலிக் தாளைச் சூடாக்கிக் காற்றால் ஊதியோ உறிஞ்சியோ எடுக்கப்பட்டவை. மூடியை நீங்கள் கெனபி என்று சொல்வீர்கள், அந்தச் சொல் விமான ஓட்டுநர் இருக்கையின் மேலிருந்து வந்தது.

எந்தத் தாள் என்று கேட்பீர்கள். இந்த இடத்தில் உயிரைப் பற்றிச் சொல்கிறேன், கவனமாக வாசியுங்கள். பிவிசி தாளைச் சூடாக்காதீர்கள். பெயர்ப்பலகைக் கடைகளில் வெட்டி எறியும் வெள்ளைத் தாள்களில் அதுதான் அதிகம், சும்மா தருவார்கள். சூடு கூடினால் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைட் வாயு வரும். ஈரம் பட்டதும் அமிலமாகும். மூக்கிலும் தொண்டையிலும் நெஞ்சிலும் ஈரம் இருக்கிறது. நான் ஒருமுறை தெரியாமல் குசினியில் வைத்துச் சூடாக்கினேன். என் உம்மா இரண்டு நாள் இருமினார். அன்றிலிருந்து எந்தத் தாளையும் வீட்டுக்குள் சூடாக்கியதில்லை, சாப்பாடு செய்யும் ஓவனில் வைத்ததுமில்லை. திறந்த வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று செய்யுங்கள். சின்னப் பிள்ளைகளை விலக்கி வையுங்கள்.

தாள் எதுவென்று தெரியாவிட்டால் உப்பைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். ஒரு லீற்றர் தண்ணீரில் 300 கிராம் உப்பைக் கரையுங்கள். தாளில் ஒரு துண்டு வெட்டி, குமிழ் ஒட்டாமல் நனைத்து, நல்ல தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் போட்டுப் பாருங்கள். ஸ்டைரீன் தாள் நல்ல தண்ணீரில் தாழும், உப்புத் தண்ணீரில் மிதக்கும். நுரையில்லாத பிவிசி இரண்டிலும் தாழும், நுரைப் பிவிசி பலகை இரண்டிலும் மிதக்கும். பழகுவதற்கு ஸ்டைரீன் நல்லது, குறைந்த சூட்டில் இளகும், மன்னிக்கும். ஆனால் விழுந்தால் உடையும். பிஇடிஜி கிடைத்தால் அதை எடுங்கள். ஓரளவு சூட்டில் இளகும், அடிபட்டாலும் தாங்கும். உப்புத் தண்ணீரில் அதுவும் தாழும் என்பதால் இந்தச் சோதனை அதற்கு உதவாது. பெயர் எழுதிய உறையோடு வாங்குங்கள். பொலிகாபனேட் எல்லாவற்றிலும் வலிமை, ரிமோட்டில் ஓடும் ரேஸ் கார்களின் உடல் அதில்தான். ஆனால் அது காற்றிலிருந்து ஈரம் குடித்து வைத்திருக்கும். 120 பாகையளவில் மணிக்கணக்காக உலர்த்தாமல் சூடாக்கினால் தாள் முழுக்கக் குமிழ் எழும்பும். நம் கரையின் ஈரக்காற்றில் அதைக் கடைசியாக முயலுங்கள்.

தடிப்பு அரை மில்லிமீற்றர் முதல் ஒன்று வரை. கூடத் தடிப்பு வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள், மெல்லிய இடத்தைக் கவனியுங்கள். தட்டையான தாள் அச்சின் மேல் இழுபடும்போது பொருள் கூடுவதில்லை, பரந்து மெலிகிறது. கூர்மையான மூலையில்தான் மிகவும் மெலியும். மூலை மெலிந்தால் என்ன ஆகும் என்று போட் வேலையில் கண்டவன் நான். சுனாமிக்குப் பிறகு எங்களுக்கு ஓய்வில்லாமல் வேலை வந்தது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கரையில் ஒரு தோணி மிஞ்சியிருக்கவில்லை. நாடு முழுக்க அவசரமாகப் போட் செய்தார்கள். நான் கொஞ்சநாள் வேலை செய்த ஓர் இடத்தில், மூலைகளில் மேட் சரியாகப் படியாமலே போட்டுகளை அனுப்பினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் மினுங்கும். முதல் சீசனிலேயே சில மூலைகள் வெடித்தன. ஏறிப்போனவர்கள் ஏற்கனவே கடலிடம் எல்லாவற்றையும் கொடுத்தவர்கள். அன்றிலிருந்து மூலை என்றால் எனக்குப் பயம். உங்கள் அச்சில் எந்த மூலையும் கூராக இருக்க வேண்டாம். 5 மில்லிமீற்றராவது வளைவு கொடுங்கள். எடுத்த மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெல்லிய இடத்தைத் தேடுங்கள்.

வெட்டுவதும் பூட்டுவதும் சுருக்கமாகச் சொல்கிறேன். கூரான கத்தியால் கோடு கீறி முறியுங்கள், ஓரத்தைத் தேயுங்கள். தேய்க்காத ஓரத்திலிருந்துதான் வெடிப்பு தொடங்கும். காற்றோட்டத்துக்குப் பின்பக்கம், கீழ்நோக்கித் திறக்கும் ஓட்டைகள் விடுங்கள், மழை நேரே உள்ளே வராது. பொலிகாபனேட் மூடிக்குப் பக்கத்தில் ஆணி இறுக்கும் பசை ஊற்றாதீர்கள், ஒரே இரவில் நூலோடியது போல வெடித்துவிடும். காந்தத்தால் பூட்டுவது வசதி என்று சிலர் செய்கிறார்கள். அது திசைகாட்டியைக் குழப்பும். வர்ணத்தை உட்புறம் அடியுங்கள், கீறல் படாது. வெள்ளை நல்லது, தெளிவான மூடிக்குள் வெயில் சூட்டைப் பிடித்து வைக்கும். உலோகத்தூள் கலந்த வெள்ளி வர்ணம் வேண்டாம், ஜிபிஎஸ் பார்வை மங்கும். மூடிக்குள்ளும் உப்பு கொஞ்சம் வரும். சேர்க்கிட்டின் மேல் நிறமில்லாத கியூடெக்ஸை மெல்லிசாகப் பூசுங்கள். பொருத்தும் முனைகளிலும் காற்றழுத்த உணரியிலும் மட்டும் படக்கூடாது. ராத்தாமாரிடம் கேட்டு வாங்குங்கள்.

எடை. இதை ஏன் கடைசியில் சொல்கிறேன் என்றால், இது சட்டத்தோடு சேர்ந்தது. நம் நாட்டில் ட்ரோன்களை எடையால் வகுக்கிறார்கள். 200 கிராமுக்கு மேல் உள்ளவற்றைச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் பதிய வேண்டும். 192 கிராம் நிற்கும் ட்ரோனுக்கு 12 கிராம் மூடி போட்டால் நீங்கள் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். மூடியோடும் பெட்டரியோடும் தராசில் வைத்த எடைதான் உண்மையான எடை. பறக்கவிடும் அனுமதிக்கு அதிகாரசபையும் பாதுகாப்பு அமைச்சும், வானொலி அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இருக்கின்றன. படிவங்கள் சலிப்பானவைதான். நிரப்புங்கள்.

வேறு ஊர்ப் பிள்ளைகளைவிட உங்களுக்கு இது முக்கியம். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, 25 ஆம் திகதி நாடு முழுக்க ட்ரோன் பறப்பதை நிறுத்தினார்கள். மறுநாள் இரவு சாய்ந்தமருதில் நடந்த சுற்றிவளைப்பையும் வெடிப்புகளையும் நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்தக் கிழமைகளில் வானத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் நம் வீடுகளில் பிள்ளைகள் உம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பயம் முழுதாகப் போய்விடவில்லை. நம் பையன் ஒருவன் கையில் ரிமோட்டோடு நிற்பதைப் பார்க்கிறவரின் மனதில் என்ன ஓடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அது நியாயமில்லை. அந்த நியாயமின்மையை நீங்கள் சுமக்க வேண்டியிருப்பது எனக்கு வலிக்கிறது. ஆனால் மூடியின் மேல் பதிவிலக்கத்தைப் பெரிதாக எழுதியிருக்கும் ஒரு ட்ரோனைப் பார்த்தால் பொலிஸ்காரரும் அயலவரும் கேட்கும் முதல் கேள்வி மாறும். எழுதிக்கொள்ள மூடி ஓர் இடம் தருகிறது.

இன்னொன்று, வேலிக்கு மேலால் பறக்கவிடாதீர்கள். நம் ஊர்களில் வளவு நெருக்கமானது. பெண்கள் கிணற்றடியிலும் முற்றத்திலும் ஆறுதலாக இருப்பது அந்த வேலியை நம்பித்தான். கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தில் சனக்கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கவிட ஆசை வரும். ஒரு விசிறி உடைந்தால் ட்ரோன் விழுவது ஒரு பிள்ளையின் மேல்.

எங்கே பறக்கவிடுவது, எதற்காக என்பதற்கு என்னிடம் இரண்டு யோசனை இருக்கிறது. ஒலுவில் துறைமுகம் கட்டிய பிறகு அதன் வடக்கே நிந்தவூர் வரைக்கும் கடல் நிலத்தைத் தின்பதைப் பார்க்கிறோம். தென்னைகள் வேரோடு சரிந்து கிடக்கின்றன. எத்தனை அடி போனது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் அனுமதியோடு பறந்து படம் எடுத்து வைத்தால் அது பேச்சாக இருக்காது, கணக்காக இருக்கும். ஒலுவிலிலேயே பொறியியல் பீடத்தோடு தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கு படிக்கும் காக்காமாரைக் கேட்டுச் செய்யலாம். கடலோரத்தில் பன்னிரண்டு மாதமும் பறக்க வேண்டிய ட்ரோனுக்கு மூடி இல்லாமல் முடியாது.

மற்றது, 2024 நவம்பர் 26. காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் பாய்ந்தபோது உழவு இயந்திரத்தில் போன மத்ரசாப் பிள்ளைகளை நீர் அடித்துப் போனது. அந்த மழையில் நான் வீதியோரத்தில் நின்றேன். மழைக்குள் ட்ரோனை எழுப்ப முடியுமா என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. நான் இங்கே எழுதிய மூடி எதுவும் ட்ரோனை நீர்புகாததாக்காது, அப்படி யாரும் நம்பி மழைக்குள் ஏற்ற வேண்டாம். ஹெலிகொப்டர் தேடும் நேரத்தில் உங்கள் ட்ரோன் அதன் வழியில் நிற்கவும் கூடாது. ஆனால் தூறலில் பத்து நிமிஷம் தாங்கும் மூடியை நாம் செய்து, மோட்டர்களையும் பெட்டரி முனைகளையும் காப்பாற்றப் பழகி, பிரதேச செயலகத்தில் நம் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். இது பெரிய இடத்துக் காரியம் என்று நினைக்காதீர்கள். சென்னை எம்ஐடியின் தக்‌ஷா அணி, நடிகர் அஜித் ஆலோசகராக இருந்ததால் உங்களுக்குப் பெயர் தெரிந்த அணி, 2018 இல் அவுஸ்திரேலியாவில் மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் வந்தது. அவர்களும் வளாகத்து ஆய்வுகூடத்தில் பூட்டிப் பார்த்து, விழுந்து, மறுபடி பூட்டியவர்கள்தான்.

மாரி தொடங்க இன்னும் ஆறேழு கிழமை இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு என் கடையின் பின்வளவு உங்களுக்குத் திறந்திருக்கும். வெக்யூம் பெட்டி ஒன்று அடித்து வைத்திருக்கிறேன், ஹீட் கன் இரண்டு இருக்கிறது. தங்கச்சிமார் வந்தால் என் மருமகள் அங்கே இருப்பாள், அச்சு தேய்ப்பதில் இப்போது அவள் கைதான் என் கையைவிட நல்லது. வரும்போது இரண்டு வெற்றுச் சோடாப் போத்தலும், காய்ந்த மரக்கட்டை ஒன்றும், உங்கள் சட்டத்தின் நீள அகலமும், மேலே நிற்கும் அன்டெனாவின் உயரமும் எழுதிக் கொண்டு வாருங்கள். பெட்டரியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

அன்றைக்கு ஈரமணலில் இறங்கிய ட்ரோனின் தம்பி முதலில் வரட்டும். கழுவிக் காயவைத்திருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், பார்ப்போம்.

வஸ்ஸலாம்,
கல்முனையிலிருந்து ஒரு அச்சுக்கார சாச்சா